ஊர்ப் பள்ளிக்குக் காவலர் யார்?

ஏரிக்கரை உடைந்தால் ஊரே ஓடுகின்றது. இரவென்றும் பகலென்றும் பாராமல், மண்வெட்டியும் கூடையுமாக நின்று கரையை அடைக்கின்றது. அதே ஊரின் பள்ளி உடைந்தால் ஓடுகின்றவர் யார்? வகுப்பறையின் கூரை ஒழுகுவதும், ஆசிரியர் இல்லாமல் ஒரு வகுப்பு முழுவதும் வெறிதே கிடப்பதும், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தன் தாய்மொழியில் ஒரு பக்கத்தைத் தடையின்றிப் படிக்க இயலாமல் விழிப்பதும் ஏரி உடைவதைவிடச் சிறிய இழப்புகளா? ஏரி உடைந்தால் ஓராண்டு விளைச்சல் போகும். பள்ளி உடைந்தால் ஒரு தலைமுறையே போகும். ஆயினும் ஏரி ஊருடையது என்றும் பள்ளி அரசினுடையது என்றும் தமிழன் தன் உள்ளத்தில் ஒரு கோடு கிழித்து வைத்திருக்கின்றான். அந்தக் கோடுதான் அழிக்கப்பட வேண்டியது.

செஞ்சி வட்டாரத்துப் பனமலைக்கு இச்செய்தி எளிதாய் விளங்கும். துரிஞ்சலாற்றின் கீரனூர் அணைக்கட்டில் புறப்படுகின்ற நந்தன் கால்வாய், வழியிலுள்ள முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளை நிரப்பிக்கொண்டு, இறுதியில் வந்து சேர வேண்டிய இடம் பனமலை ஏரி. கடைமடை ஊரின் துன்பம் கடைமடை ஊருக்குத்தான் தெரியும். தலைமடையில் எவ்வளவு நீர் திறந்துவிடப்பட்டது என்பது அங்கே பேச்சன்று. எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதே பேச்சு. இடையில் கரை உடைந்திருக்கலாம்; தூர் மண்டியிருக்கலாம்; ஒருவர் தம் பக்கம் மடையைத் திருப்பியிருக்கலாம். நீர் வராத ஆண்டுகளில் உழவர் வாயடைத்து இருக்கவில்லை. கால்வாயைச் சீர்செய்யச் சொல்லிப் பல்லாண்டுகள் குரல் எழுப்பினர், போராடினர்.

அரசு தருகின்ற கல்வியும் இப்படிப்பட்ட கால்வாய் நீரே. தலைநகரில் தொகை ஒதுக்கப்படுகின்றது, ஆணை எழுதப்படுகின்றது, திட்டம் அறிவிக்கப்படுகின்றது. அது மாவட்டம், ஒன்றியம் எனப் பல மடைகளைக் கடந்து, கடைமடையில் இருக்கின்ற சிற்றூர்ப் பள்ளிக்கு வந்து சேர வேண்டும். வந்ததா, எவ்வளவு வந்தது, எதற்குச் செலவாயிற்று என்று கேட்பதற்கு மடையில் ஒரு நீர்க்கட்டி வேண்டும். அந்த நீர்க்கட்டியின் பெயர்தான் பள்ளி மேலாண்மைக் குழு.

இக்குழு எவருடைய அருளாலும் வந்ததன்று. 2009ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2010 ஏப்பிரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு இதனைக் கட்டாயமாக்கியது. உறுப்பினருள் முக்கால் பங்கினர் அப்பள்ளியில் படிக்கின்ற பிள்ளைகளின் பெற்றோராக இருத்தல் வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். ஒடுக்கப்பட்ட மக்களின் பெற்றோர்க்கு அவர்தம் எண்ணிக்கைக்கு ஏற்ப இடம் தரல் வேண்டும். பள்ளியின் நடப்பைக் கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வகுப்பது, அரசிடமிருந்தும் பிறரிடமிருந்தும் வருகின்ற தொகை எவ்வாறு செலவாகின்றது என்று பார்ப்பது ஆகிய மூன்றும் இக்குழுவின் கடமைகள் என்று சட்டமே வகுத்திருக்கின்றது. தமிழ்நாட்டில் 37,000க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் 2022ஆம் ஆண்டில் இக்குழுக்கள் புதிதாய் அமைக்கப்பட்டன. 2024இல் மீண்டும் அமைக்கப்பட்டபோது, 20 ஆக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆயிற்று. அப்பள்ளியில் முன்னர்ப் படித்தவர்க்கும் அதில் இடம் தரப்பட்டது.

எழுத்தில் இவ்வளவு உரிமை. நடப்பில் என்ன காண்கின்றோம் என்று நேர்மையாய் எண்ணிப் பார்ப்பவர் எவரும் தலைகுனியவே செய்வர். குழு அமைக்கும் நாளில் பெற்றோர் வருவதில்லை. வந்தவருள் மறுத்துப் பேசாதவர் எவரோ அவரே உறுப்பினராகின்றார். கூட்டம் நடவாமலே கூட்டம் நடந்ததாய்க் குறிப்பேடு நிரம்புகின்றது. வீட்டுக்கு வருகின்ற ஏட்டில், காட்டிய இடத்தில், படித்துப் பாராமலே கையொப்பம் விழுகின்றது. பெயரளவில் பெண் தலைவர். நாற்காலியில் அமர்ந்திருப்பவர் அவர் கணவர். சட்டம் பெண்ணுக்குக் கொடுத்த இருக்கையில் ஆண் அமர்வதும், கடைமடைக்குரிய நீரைத் தலைமடைக்காரன் திருப்பிக்கொள்வதும் ஒன்றே.

இதற்குச் சொல்லப்படுகின்ற கரணியங்கள் இரண்டு. கூலி வேலைக்குச் செல்கின்றவர் ஒருநாட் கூலியை இழந்து கூட்டத்திற்கு வருதல் அரிது என்பது முதலாவது. இது மெய். கூட்டத்தை மாலையில் வைத்துக்கொள்வதும், ஊர் வேலைக்குச் செல்லாத நாளில் வைத்துக்கொள்வதும் இதற்கு மருந்து. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் பள்ளியை எவ்வாறு மேற்பார்ப்பர் என்பது இரண்டாவது. இது மெய்யன்று. ஆசிரியர் வந்தாரா இல்லையா என்பதை அறிய இலக்கணம் வேண்டுமோ? சோற்றில் பருப்பு இருந்ததா என்பதை அறிய வடிவக்கணக்கு வேண்டுமோ? பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குக் கதவும் நீரும் இருக்கின்றனவா என்பதை ஒரு தாயைவிட நன்றாய் அறிந்த கல்வியாளர் எவர்? தான் படிக்காததன் இழப்பை நாள்தோறும் சுமக்கின்றவளே தன் பிள்ளை படிக்கின்றதா என்று விழிப்பாய்ப் பார்ப்பாள்.

பள்ளியை ஊர் மேற்பார்ப்பது தமிழ் மண்ணுக்குப் புதியதன்று. பனமலைக்கு அண்மையில் உள்ள எண்ணாயிரம் என்னும் ஊரின் கல்வெட்டு இதற்குச் சான்று. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், அங்கே ஒரு பெருங்கல்லூரி நடந்தது. மாணவர் 340 பேர். ஆசிரியர் 14 பேர். அதற்கென 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டது. எந்தப் பாடத்திற்கு எத்தனை மாணவர், ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு எவ்வளவு நெல், ஆசிரியர்க்கு எவ்வளவு என்பதெல்லாம் ஊரவையின் முடிவாகக் கல்லில் வெட்டப்பட்டன. கணக்கைப் பேழைக்குள் பூட்டாமல், வருவோர் போவோர் எல்லாரும் காணச் சுவரில் எழுதிவைத்த முறை அது. இன்றைய மேலாண்மைக் குழுக்கள் கற்றுக்கொள்ள வேண்டிய முதற் பாடம் இதுவே.

ஆனால் அக்கல்லில் இன்னொரு பாடமும் இருக்கின்றது. அந்த 340 பேரும் கற்றவை எவை? ஆரிய மறைகளும், வடமொழி இலக்கணமும், மீமாஞ்சையும், வேதாந்தமுமே. தமிழ்நாட்டு நிலம், தமிழ் உழவன் விளைத்த நெல், தமிழ் மன்னன் கொடை, பாடப் பட்டியலில் மட்டும் தமிழ் இல்லை. கோயிலில் திருவாய்மொழி ஓதுவார்க்குப் படி அளந்த ஊர், கல்லூரியில் தமிழுக்கு ஓர் ஆசிரியரை அமர்த்தவில்லை. அவையில் அமர்ந்திருந்தவர் யாவர் என்பதே இதற்கு விடை. உத்தரமேரூரின் குடவோலை முறையைக் கூறும் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளும் இதையே காட்டுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வரலாகாது என்று விதித்த அருமையான முறை அது. ஆயின் நிலமுடையவனும் மறை கற்றவனுமே அதில் பெயர் எழுதப்படத் தக்கவன். உழுதவனுக்கு இடமில்லை, பெண்ணுக்கு இடமில்லை.

பனமலையின் பெயரே இவ்வுண்மைக்கு ஒரு சிறு சான்று. பனையும் மலையும் சேர்ந்த தூய தமிழ்ப் பெயர் அது. அம்மலைமேல் பல்லவன் இராசசிம்மன் எழுப்பிய கோயிலின் இறைவனுக்கோ தாளகிரீசுவரர் என்று பெயர். தாளம் பனை, கிரி மலை, ஊரார் வைத்த பெயரை அப்படியே வடமொழிக்குப் பெயர்த்து ஊராரிடமே திருப்பிக் கொடுத்திருக்கின்றனர். அக்கோயிலின் சிற்பத்தையும், சுவரில் எஞ்சியிருக்கின்ற உமையின் ஓவியத்தையும் காண உலகெங்கிலுமிருந்து வருகின்றனர். கல்லைக் கொத்தியவன் தமிழன். பெயர் சூட்டும் உரிமை மட்டும் அவனிடம் இல்லை. அவையில் எவர் அமர்கின்றாரோ அவர் மொழியே ஆளும். இது ஆயிரம் ஆண்டு வரலாறு ஓயாமல் உரைக்கின்ற உண்மை.

அந்த வரலாற்றைப் புரட்டிப் போடுகின்ற வாய்ப்பே இன்றைய பள்ளிக் குழு. நிலம் கேட்கவில்லை; மறை கேட்கவில்லை; பட்டம் கேட்கவில்லை. அப்பள்ளியில் படிக்கின்ற ஒரு பிள்ளையின் தாயாகவோ தந்தையாகவோ இருந்தால் போதும். உத்தரமேரூர் அவைக்குள் கால் வைக்க இயலாதிருந்தவர்களின் வழிவந்தோர் இன்று தம் ஊர்ப் பள்ளியின் கணக்கைக் கேட்கலாம். கேட்கின்றார்களா என்பதுதான் கேள்வி.

கேட்பதற்கு என்னென்ன இருக்கின்றன என்பதை ஒவ்வொரு பெற்றோரும் அறிதல் வேண்டும். தொடக்கப் பள்ளியில் 60 மாணவர் வரை இருந்தால் ஆசிரியர் இருவர். 61 முதல் 90 வரை மூவர். 91 முதல் 120 வரை நால்வர். இது சட்டத்தின் அட்டவணையில் உள்ள அளவு. ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 நாள்களும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 220 நாள்களும் பள்ளி நடத்தல் வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை, தூய குடிநீர், சமையற்கூடம், விளையாட்டிடம், சுற்றுச்சுவர், நூலகம் ஆகியவை இருத்தல் வேண்டும். மக்கள் கணக்கெடுப்பு, பேரிடர்த் துயர்துடைப்பு, தேர்தல் ஆகியவற்றைத் தவிர வேறு பணிகளுக்கு ஆசிரியரை அனுப்பலாகாது. ஆசிரியர் தனிப்பயிற்சி நடத்திப் பணம் ஈட்டலாகாது. குறையிருப்பின் உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்தில் முறையிடலாம். மூன்று திங்களுக்குள் அதற்குத் தீர்வு தரப்பட வேண்டும். குழு கூடி எழுதுகின்ற ஒருபக்க முடிவு, தேநீர்க்கடையில் நூறு நாள் புலம்புவதைவிட வலியது.

இதனால் ஆசிரியரை வேவு பார்ப்பதற்கென்றே குழு அமைந்ததாய் எவரும் கருதிவிடலாகாது. கடைமடை ஊரில் ஐந்து வகுப்பையும் ஒருவராய்ச் சுமக்கின்ற ஆசிரியருக்கு முதல் துணை அக்குழுவே. இன்னோர் ஆசிரியர் வேண்டும் என்று அவர் கேட்டால் அது பணியாளரின் மனு. ஊர் கேட்டால் அது மக்களின் உரிமை. நல்லாசிரியர் விழிப்பான பெற்றோரை அஞ்சுவதில்லை, வரவேற்கவே செய்வர்.

அரசும் இதைக் கொண்டு தன் பொறுப்பிலிருந்து நழுவலாகாது. நிலையான ஆசிரியரை அமர்த்துகின்ற உரிமை குழுவிடம் இல்லை. கட்டடம் எழுப்புகின்ற பணமும் அதனிடம் இல்லை. கேட்கின்ற வாயை மட்டும் கொடுத்துவிட்டுக் கொடுக்கின்ற கையை மடக்கிக்கொண்டால், குழு வெறும் புலம்பல் மன்றமாகிவிடும். குழு எழுதியனுப்புகின்ற ஒவ்வொரு முடிவுக்கும் இத்தனை நாளில் விடை என்னும் உறுதி வேண்டும். விடை வராத ஊரில் அடுத்த கூட்டத்திற்கு ஆள் வாரார்.

மக்கள் முன்வந்தால் என்ன நிகழும் என்பதைத் தமிழ்நாடு முன்னரே கண்டிருக்கின்றது. காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1956இல் பள்ளிகளில் நண்பகல் உணவு தொடங்கிற்று. 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊரூராய் நடந்தன. தம் பள்ளிக்கு என்ன வேண்டும் என்று ஊரார் பட்டியலிட்டனர். தம்மால் இயன்றதைத் தாமே கொடுத்தனர். நிலம் கொடுத்தவர் உண்டு. பலகையும் நாற்காலியும் செய்து கொடுத்தவர் உண்டு. ஏழைப் பிள்ளைக்கு உடை தைத்துக் கொடுத்தவர் உண்டு. அன்று சட்டம் இல்லை, உள்ளம் இருந்தது. இன்று சட்டம் இருக்கின்றது.

கடல் கடந்த தமிழரையும் எண்ணுக. மலேயாவின் தோட்டங்களில், பள்ளி அகவையுள்ள பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட முதலாளி பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. பெரும்பாலும் கொட்டகைகளே பள்ளிகள். கணக்கர்களும் கங்காணிகளுமே பலவிடத்தில் ஆசிரியர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர், பள்ளிகள் பல மூடப்பட்டன. ஆயினும் இன்று மலேசியாவில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உயிரோடு இருக்கின்றன. பால்மரம் வெட்டிய கைகள் அவற்றைத் தாங்கின. பெற்றோர் ஆசிரியர் சங்கங்களிலும் பள்ளி மேலாளர் வாரியங்களிலும் ஊதியமின்றி உழைத்தோர் அவற்றைக் காத்தனர். சிறுபான்மையராய் வாழ்கின்ற தமிழர் காத்த பள்ளியைப் பெரும்பான்மையராய் வாழ்கின்ற தமிழர் கைவிடுவதா?

இங்கிலாந்தில் 1870ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம் பள்ளி வாரியங்களைத் தேர்ந்தெடுக்க வழிசெய்தது. நாடாளுமன்றத் தேர்தலில் ஒப்போலை இடும் உரிமையே பெறாதிருந்த அந்நாட்டுப் பெண்கள், பள்ளி வாரியத்தில் உறுப்பினராகும் உரிமை பெற்றனர். அவ்வாண்டிலேயே எலிசபெத்து காரெட்டும் எமிலி தேவிசும் இலண்டன் வாரியத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பள்ளியின் வாயில் வழியாகவே அந்நாட்டுப் பெண்கள் பொதுவாழ்வுக்குள் நுழைந்தனர். பனமலையிலும் செஞ்சியிலும் குழுத் தலைமை ஏற்கின்ற ஒரு தாய், தன் இருக்கையைக் கணவனுக்கு விட்டுக்கொடுக்காமல் அமர்வாளாயின், அவள் அமர்வது பள்ளி நாற்காலியில் மட்டுமன்று.

இனித் தமிழின் பக்கம் வருவோம். அதே 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, இயன்றவரை பிள்ளையின் தாய்மொழியே பயிற்றுமொழியாதல் வேண்டும் என்கின்றது. தமிழ் கற்றல் சட்டம் 2006இல் இயற்றப்பட்டது. ஆயினும் 2012ஆம் ஆண்டுக்குப் பின்னர் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாய்த் திறக்கப்பட்டன. பெற்றோர் விரும்புகின்றனர் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட கரணியம். பெற்றோர் விருப்பம் என்று எவரோ சொல்வதை, பெற்றோரே அமர்ந்திருக்கின்ற குழுவன்றோ உரைத்துப் பார்க்க வேண்டும்? எங்கள் பள்ளியில் தமிழ்வழி வகுப்பு குன்றலாகாது. அதற்குத் தக்க ஆசிரியர் வேண்டும். நூலகத்தில் நல்ல தமிழ் நூல்கள் வேண்டும். குறிப்பேடும் கணக்கும் பெற்றோர்க்கு விளங்கும் தமிழில் இருத்தல் வேண்டும் என்று முடிவெழுதி அனுப்ப அக்குழுவுக்கு உரிமை உண்டு. மேடையில் எழுகின்ற முழக்கம் காற்றோடு போகும்; குறிப்பேட்டில் ஏறுகின்ற முடிவு கோப்போடு நிற்கும்.

இவ்விடத்தில்தான் தமிழ்ப்பற்றாளர் தம் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தல் வேண்டும். பள்ளிக் குழுவில் பெற்றோராய் அமர்வதற்கு ஒரேயொரு தகுதிதான் உண்டு. தம் பிள்ளை அப்பள்ளியில் படித்தல் வேண்டும். தனித்தமிழில் பேசுகின்றவர், பிள்ளைக்குத் தமிழ்ப் பெயர் வைத்தவர், வீட்டு வாயிலில் தமிழில் பெயர்ப்பலகை தொங்கவிட்டவர், அப்பிள்ளையை மட்டும் ஆங்கிலவழித் தனியார் பள்ளியின் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டால், ஊர்ப் பள்ளியின் அவையில் அவருக்குப் பெற்றோர் இருக்கை இல்லை. தமிழைப் பற்றி அவர் எவ்வளவு முழங்கினாலும், தமிழ்வழி வகுப்பு இருப்பதா மூடுவதா என்று பேசப்படுகின்ற இடத்தில் அவர் வெளியே நிற்கின்றார். உள்ளே அமர்ந்திருக்கின்ற கூலித் தொழிலாளியின் குரலுக்கு இருக்கின்ற மதிப்பு அவர் குரலுக்கு இல்லை. அது முறையானதே. பள்ளியை நம்பித் தன் பிள்ளையை ஒப்படைத்தவனே அதைப் பேணுகின்ற உரிமைக்கு உரியவன்.

எனவே தமிழ்ப்பற்றாளர் செய்ய வேண்டியது தெளிவாய் இருக்கின்றது. பிள்ளையை ஊர்ப் பள்ளியில், தமிழ்வழியில் சேர்த்தல் வேண்டும். சேர்த்தபின் குழுவுக்குப் பெயர் கொடுத்தல் வேண்டும். பிள்ளைகள் வளர்ந்துவிட்டோர், தாம் படித்த பள்ளிக்கு முன்னாள் மாணவராய்த் திரும்புதல் வேண்டும். அதற்கும் கதவு திறந்திருக்கின்றது. கல்வியறிவு மிக்கோர், கூச்சப்படுகின்ற தாய்மார்க்குக் கணக்கைப் படித்துக் காட்டவும், அவர்கள் சொல்வதை முறையாய் எழுதித் தரவும் துணைநிற்றல் வேண்டும். அவர்களுக்கு முன்னால் நிற்பதன்று, அவர்களுக்குப் பக்கத்தில் நிற்பதே தொண்டு.

இதில் மாலை இல்லை, மேடை இல்லை, ஊதியம் இல்லை. திங்களுக்கு ஒருமுறை சில மணி நேரமும், கணக்கைப் பார்க்கின்ற பொறுமையும், கேட்க வேண்டியதைக் கேட்கின்ற துணிவுமே வேண்டும். நந்தன் கால்வாயின் நீர் பனமலை ஏரிக்கு வந்து சேர வேண்டுமானால், கடைமடைக்காரன் கரைமேல் நடந்துகொண்டே இருத்தல் வேண்டும். கல்வி நீரும் அப்படியே. கரைமேல் நடக்க ஆளில்லாத ஊரில் ஏரி வற்றும், பள்ளி மூடும், மொழி தேயும். நடக்க ஆளிருக்கின்ற ஊரில் மூன்றும் நிறையும்.